கொப்பியில் இல்லாத அளவு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் யாழ்ப்பாணத்தில் நடந்த கூட்டமொன்றில், உங்கள் எழுத்துக்கு முதல் தூண்டுதல் அம்மாவின் சமையல்தான் என்று கூறினீர்கள். என் அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கறித்தூளுக்கு அவர் எழுதிவைத்த கொப்பி என்னிடம் இருக்கிறது. சுண்டுக் கணக்குப் பிசகாமல் மூன்று தடவைகள் வறுத்து, மில்லில் கொடுத்து அரைப்பித்தேன். ஒரு தடவையேனும் அந்த மணம் வரவில்லை. "அது அம்மாவின் அன்பு, கொப்பியில் வராது" என்கிறார்கள் உறவினர்கள். அப்படித்தானா? உங்களைத் தூண்டியதும் அந்த அன்புதானா?

வாசகி, கோண்டாவில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் உறவினர்கள் ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள். அதில் குறைகாண நான் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பரியாரியார் எண்ணெய் காய்ச்சிப் பதம் பார்த்து இறக்கினால் அதை வித்தை என்கிறோம். அதே பதத்தை நாற்பது வருடங்களாகக் குசினிப் புகைக்குள் நின்று அறிந்துகொண்டவரை அன்பானவர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அன்பு இருந்ததுதான். கறிக்கு மணம் கொடுத்தது அவருடைய அறிவு.

உங்கள் கொப்பியில் "மல்லி வறுக்கவும்" என்று இருக்கும். எதுவரை வறுப்பது என்று இராது. மல்லி கையில் நொறுங்கும் பருவமும், கறிவேப்பிலை சருகாகிச் சலசலக்கும் பருவமும் வேறு வேறு. வெந்தயம் ஒரு நிமிடம் கூடினாலும் முழுத்தூளும் கைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் ஒன்றாகக் கொட்டி வறுத்தீர்களானால் ஏதாவது ஒன்று கருகியிருக்கும், ஏதாவது ஒன்று பச்சையாகக் கிடந்திருக்கும். மிளகாயும் பழைய மிளகாய் அல்ல. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இங்குள்ள தோட்டங்கள் நாட்டுக்குப் பெருமளவு மிளகாய் கொடுத்தன. இன்று கடையில் நாம் வாங்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. நிறமும் உறைப்பும் மாறியிருக்கையில் அம்மாவின் சுண்டுக் கணக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? அவர் இருந்திருந்தால் மிளகாயை ஒன்று முறித்து முகர்ந்து பார்த்துவிட்டு, கணக்கை அவரே மாற்றியிருப்பார்.

இனி என் அம்மாவுக்கு வருகிறேன். போர் நெருங்கிவர, 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நாங்கள் கொடிகாமத்தில் உறவினர் ஒருவரின் வளவில் ஒதுங்கினோம். அந்த ஒரு வீட்டில் ஏழு குடும்பங்கள். எங்கள் மூட்டையில் உடுப்பை விட ஒடியல்தான் அதிகம் இருந்தது. பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்த அந்தச் சரக்கை அம்மா ஏன் தூக்கிவந்தார் என்று அப்பா வழியெல்லாம் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் அம்மா அதை உரலில் இடித்து, அரித்து, மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டார். ஒடியல் மாவின் கைப்பு நீரில்தான் இறங்கும். மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து, புதுநீர் விட்டு, மறுபடியும் காத்திருக்க வேண்டும். கிணற்றடியில் குந்தியிருந்து, சுட்டுவிரலை அந்த நீரில் தோய்த்து நாக்கு நுனியில் வைப்பார், துப்புவார், வடிப்பார். சுற்றிலும் பிள்ளைகள் பசியில் அழுதார்கள். "காணும் பிள்ளை, அடுப்பில வை" என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். "இன்னும் ஒரு தண்ணி" என்றார் அம்மா. நான்காவது தண்ணீருக்குப் பிறகே கூழ்ப்பானை அடுப்பேறியது. மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை, கச்சாய்ப் பக்கமிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு பிடி கூனி இறால், அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி, அவ்வளவுதான். நண்டும் திருக்கையும் இல்லாத கூழ் கூழே அல்ல என்று வாதிடுபவர்கள் அன்று அங்கே இருக்கவில்லை. கோப்பைகள் போதாமல் பனையோலையில் பிளா கோலிக் குடித்தோம்.

நான் கூட்டத்தில் சொன்னது அந்தச் சுட்டுவிரலைத்தான். எழுதி முடித்த கதையை அனுப்பச் சொல்லி ஆசிரியர் நெருக்கும்போது, எழுதியவனுக்கே அவசரம் பிடிக்கும்போது, அந்த விரல் என் முன்னால் வந்து நிற்கிறது. பல தடவைகள் அதை மதியாமல் அனுப்பியும் இருக்கிறேன். அதில் கைப்பு இருப்பதை வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதுகையில் ஒரு கூச்சமும் எழுகிறது. அன்று அம்மா கூழ் குடித்தாரா என்பது எனக்கு ஞாபகமில்லை. பானையைச் சுரண்டிய சத்தம் மட்டும் காதில் இருக்கிறது.

அடுத்த தடவை கால்பங்கு மட்டும் வறுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மிளகாயைக் கடைசியில், தணலைக் குறைத்து. வாசம் எழுந்து அடங்குவதற்குள் இறக்கிவிடுங்கள். அம்மாவின் கொப்பியில் எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தால், எந்த மிளகாய், எந்த மாதம், எப்போது இறக்கினீர்கள் என்று பென்சிலால் குறித்துவையுங்கள். பேனை வேண்டாம், மாற்ற வேண்டிவரும்.