ஸ்கீமா மார்க்கப்: சேலத்துக் கடைகளின் சந்தேகங்களுக்குப் பதில்

ஒரு பக்கத்தில் உள்ள முகவரி, விலை போன்ற தகவல்களைக் கூகுள் போன்ற தேடுபொறிகளுக்குப் புரியும்படி குறித்துக்காட்டும் நிரல்தான் ஸ்கீமா மார்க்கப்.

கேள்வி (ஏற்காடு, ஹோம்ஸ்டே): விருந்தினர் கருத்துகளையெல்லாம் ஸ்கீமாவில் சேர்த்தும் கூகுளில் நட்சத்திரம் வரலைங்க, ஏன்?

வராதுங்க. நம்ம கடைக்கு நம்ம தளத்திலேயே போட்டுக்கொள்ளும் மதிப்பீட்டுக்கு நட்சத்திரம் காட்டுவதை 2019-லேயே கூகுள் நிறுத்திவிட்டது. அந்த உழைப்பை முகவரி, தொலைபேசி, செக்-இன் நேரம், இருப்பிடப் புள்ளி ஆகியவற்றில் காட்டுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைக்குத் தசமப் புள்ளிக்குப் பின் குறைந்தது 5 இலக்கம் வேண்டும். 2 இலக்கத்தோடு விட்டால் அரை கிலோமீட்டர்கூடத் தள்ளிப் போகும். மலைப்பாதையில் அது வேறொரு கொண்டை ஊசி வளைவு.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசு): விலையில் பிழை என்று காட்டுகிறது. ‘₹8,450’ என்றுதான் கொடுத்திருக்கிறேன்.

அந்த ரூபாய்க் குறியும் காற்புள்ளியும்தான் சிக்கல். விலைக்கு 8450 என்று வெறும் எண். நாணயத்துக்குத் தனியாக ஐ.என்.ஆர். என்ற மூன்றெழுத்துக் குறியீடு, நடுவில் புள்ளி இல்லாமல். உங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய வம்பு, வெள்ளி விலை தினமும் மாறுவது. பக்கத்தில் இன்றைய விலையும் மார்க்கப்பில் போன வாரத்து விலையும் இருந்தால் கூகுள் அதை நம்பாது. இரண்டும் ஒரே டேட்டாபேஸ் புலத்திலிருந்து வரும்படி டெவலப்பரிடம் சொல்லுங்கள். ‘விலைக்கு அழைக்கவும்’ என்று போடும் கொலுசுக்கு மார்க்கப்பிலும் விலை வேண்டாம். பக்கத்தில் இல்லாததை மார்க்கப்பில் மட்டும் ஒளித்துவைத்தால் மேனுவல் ஆக்‌ஷன், அதாவது கூகுள் ஊழியர் பார்த்துப் போடும் தண்டனை, வரலாம்.

கேள்வி (அம்மாபேட்டை, ஜவ்வரிசி மொத்த வியாபாரம்): தமிழிலேயே எழுதலாங்களா?

மதிப்புகளைத் தாராளமாக எழுதலாம். பக்கம் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தால் போதும். வகை, பண்புப் பெயர்கள் மட்டும் ஸ்கீமா தளத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில், சிற்றெழுத்து பேரெழுத்துகூட மாறாமல். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை ஒட்டும்போது மேற்கோள் குறி வளைந்துவிடும். அது ஒன்றே போதும், ஜேசன் (மார்க்கப்பை எழுதும் வடிவம்) துண்டு முழுவதும் படிக்க முடியாமல் போய்விடும். கடைசி வரிக்குப் பின் தங்கிவிடும் காற்புள்ளியும் அப்படித்தான். தொலைபேசி எண்ணை 0427 என்று தொடங்காமல் +91 427 என்று கொடுங்கள்.

கேள்வி: கூகுள் தேடலில் எங்கள் தளத்தின் கீழே விரிந்த கேள்வி-பதில் பட்டி காணாமல் போய்விட்டதே?

2023 ஆகஸ்டில் அரசு, உடல்நலத் தளங்கள் தவிர மற்றவற்றுக்கு எடுத்துவிட்டார்கள். மார்க்கப் அப்படியே இருந்தால் கெடுதல் இல்லை.

கேள்வி: எதில் சோதிப்பது?

கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் என்ற சோதனைக் கருவியில். நிரலை ஒட்டாமல் பக்கத்தின் முகவரியையே கொடுங்கள். தீமும் (தளத்தின் வடிவமைப்பு) பிளகினும் (கூடுதல் செருகுநிரல்) ஆளுக்கொரு மார்க்கப் போட்டு மோதுவது அப்போதுதான் தெரியும். சிவப்புப் பிழையை உடனே திருத்துங்கள். மஞ்சள் எச்சரிக்கை பெரும்பாலும் விருப்பப் புலம். தகவல் கையில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், கற்பனையாக நிரப்பாதீர்கள்.