வியட்நாம்: அக்டோபரில் ஹோய் ஆன் வேண்டாம் (கடிதம்)

வணக்கம். நானும் தோழியும் அக்டோபர் நடுவில் பதினைந்து நாள் வியட்நாம் போகிறோம். ஆளுக்கொரு முதுகுப்பைதான். ஹனோய், சாப்பா, ஹா ஜியாங், ஹா லாங், நின் பின், ஹுவே, ஹோய் ஆன், சைகோன் என்று ரயிலும் பஸ்ஸுமாகத் தெற்கே இறங்குவதாகத் திட்டம். ஹா ஜியாங்கில் பைக் வாடகைக்கு எடுக்க ஆசை. நான் சைவம். சரிவருமா?
ச., திருச்சி

அன்புள்ள ச.,

எட்டு ஊர் அதிகம்தான். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் நீங்கள் போகும் மாதம். ஐப்பசியில் நமக்கு மழை தரும் அதே வடகிழக்குக் காற்று அங்கே தென்சீனக் கடல் ஈரத்தை அள்ளிப்போய் ட்ரூங் சோன் மலைத்தொடரில் முட்டி, நடு வியட்நாமில் கொட்டும். புயலும் சேர்ந்துகொள்ளும். து போன் ஆறு பெருகினால் ஹோய் ஆன் பழைய தெருக்களில் படகுதான். தண்டவாளம் மூழ்கினால் ரயிலும் நிற்கும். ஹுவே, ஹோய் ஆன் இரண்டையும் பிப்ரவரி–ஏப்ரலுக்குத் தள்ளிவையுங்கள். அப்போது ஹுவேயிலிருந்து டா நாங்குக்குப் பகல் ரயிலில் இடப்பக்க ஜன்னல் பிடியுங்கள், ஹாய் வான் கணவாயில் கடல் அந்தப் பக்கம்.

வடக்கில் அக்டோபர் நல்ல காலம். சாப்பா, ஹா ஜியாங் இரண்டும் மலைதான், ஒன்று போதும். என் ஓட்டு ஹா ஜியாங்குக்கு. ஹா லாங்கில் புயல் எச்சரிக்கை வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அதே சுண்ணாம்புக் குன்றுகளை நின் பின்னில் துடுப்புப் படகிலிருந்தே பார்க்கலாம். ஆக, ஹனோய் 3 நாள், ஹா ஜியாங் 5, நின் பின் 2, அங்கிருந்து ஹனோய் திரும்பி விமானத்தில் சைகோன் 2, மேகாங் கழிமுகத்திலுள்ள கான் தோ 2. மீதி ஒரு நாளை நிரப்பாதீர்கள், ஏதாவது ஒரு பஸ் அதைத் தின்றுவிடும். திரும்பும் டிக்கெட்டை சைகோனிலிருந்தே போடுங்கள்.

ஹா ஜியாங்கில் நீங்கள் பைக் ஓட்ட வேண்டாம். நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது; வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்த உரிமத்தை. கடைக்காரர் கேட்காமலே வண்டி கொடுப்பார். விழுந்து கால் உடைந்தால்தான் இன்ஷூரன்ஸ்காரர் உரிமம் கேட்பார். ‘ஈஸி ரைடர்’ என்று உள்ளூர்க்காரரே ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு உண்டு. மா பி லெங் கணவாயில் பள்ளத்தை நிம்மதியாகப் பார்க்கவும் அதுதான் வசதி. ஹனோயிலிருந்து இரவு ஸ்லீப்பர் பஸ் விடியுமுன்பே இறக்கிவிடும். தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லிப் படுக்கை கேட்டு வையுங்கள்.

இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை. ‘கவ்.விஎன்’ என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் போடுங்கள். நம் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப்பெயர் கட்டம் பெரும்பாலும் காலி. அதை முகவர்கள் இஷ்டத்துக்கு நிரப்பி, விமான நிலையத்தில் பெயர் ஒத்துப்போகாமல் நிற்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரியாக அச்சிட்டிருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்; பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறாமலும்.

20,000 டாங், 500,000 டாங் நோட்டு இரண்டும் நீலம். ராத்திரி டாக்ஸியில் மாறினால் இருபத்தைந்து மடங்கு நஷ்டம். பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு ‘சாய்’ (சைவம்) என்ற பலகை உள்ள கடை தேடுங்கள். மற்ற கடைகளில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் இருக்கும், ‘கறி வேண்டாம்’ என்றால் அது போகாது. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பலர் அங்கே விரதம் இருப்பதால் சாதாரணக் கடைகளிலும் சைவம் கிடைக்கும். ஹா ஜியாங் மலைக் கிராமங்களில் மட்டும் சோறு, டோஃபு, கீரை என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.