செட்டை கடிக்கும் "கிளீனர்" மீன்: வாயைப் பாருங்கள்

உங்கள் தொட்டியிலுள்ள "கிளீனர்" மீன், மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் அசல் கிளீனர் ராஸ் அல்ல, அதே வேஷத்தில் வரும் போலி மீனாக இருக்கலாம். அதைக் கொழும்புக் கடையில் வாங்கித் தொட்டியில் விட்டதிலிருந்து மற்ற மீன்களின் செட்டை கிழிகிறது என்கிறீர்களே, போலியின் குணம் அதுதான். பவளப்பாறையில் அசல் மீன் ஒட்டுண்ணிகளைத் தின்னும் என்று நம்பிப் பெரிய மீன்கள் அசையாமல் நிற்கும். போலி அதே நீல உடலும் கறுப்புக் கோடுமாக வந்து கடித்துவிட்டுப் போகும்.

கண்ணாடிக்குக் கிட்ட வரும்போது பக்கவாட்டில் பாருங்கள். முக நுனியிலேயே வாய் இருந்தால் அசல். சுறாவுக்குப் போல் கீழ்ப்பக்கம் இருந்தால் போலி. உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

கடிப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். அசலும் மற்ற மீன்களின் உடற்சளியைக் கொத்தும். அப்படியானால் பாவம், அதற்குப் பசியாகவும் இருக்கலாம். பொடியாக நறுக்கிய இறால் போட்டுப் பாருங்கள்.