80 சதவீதம் 'லீன்': எதில் 80?

கேள்வி: டெக்சாஸில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே பீஃப் கொத்துக்கறிப் பாக்கெட்டில் '80% லீன், 20% கொழுப்பு' என்று போட்டிருக்கிறது. "அஞ்சுல ஒரு பங்குதாம்மா கொழுப்பு, தைரியமா சாப்பிடு" என்கிறான். நம்பலாமா?

பதில்: 'லீன்' என்றால் கொழுப்பு நீங்கலான கறி. அந்த 80 எடைக் கணக்கு. உங்கள் உடம்பு பார்ப்பது கலோரிக் கணக்கு.

100 கிராம் பச்சைக் கறியில் கொழுப்பு 20 கிராம், புரதம் 17 கிராம். மிச்சம் ஏறக்குறைய முழுவதும் தண்ணீர், சுமார் 62 கிராம். அதாவது பெரிய எழுத்தில் பெருமையாகப் போடும் அந்த 80-இல் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்! தண்ணீருக்குக் கலோரி கிடையாது. கொழுப்புக்கோ கிராமுக்கு 9. ஆக, மொத்தம் சுமார் 254 கலோரியில் 180 கொழுப்பிலிருந்து வருகிறது. உங்கள் மகன் சொல்லும் ஐந்தில் ஒன்று, கலோரிக் கணக்கில் பத்தில் ஏழு. '90% லீன்' வாங்கினாலும் 176 கலோரியில் 90 கொழுப்பு, பாதிக்கு மேல்.

இதில் என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி, ஒரு கறித்துண்டின் மேல் 'லீன்' என்று எழுத வேண்டுமானால் 100 கிராமில் கொழுப்பு 10 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதே கறியை அரைத்துவிட்டால், பக்கத்திலேயே கொழுப்புச் சதவீதத்தையும் போட்டால் போதும், 20 கிராம் இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு அனுமதி உண்டு. மக்களுக்கு அந்த எண் பழகிவிட்டது, பாக்கெட்டுகளை ஒப்பிட உதவுகிறது என்பது அவர்கள் வாதம். ஒப்பிடுவதற்கு '20% கொழுப்பு' என்ற ஒரு வரி போதாதா? 'லீன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, கலோரியில் கொழுப்பின் பங்கை அந்த இடத்தில் போடட்டும்.

வறுத்து, உருகிவரும் கொழுப்பை வடித்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவுக்குத்தான். கொழுப்போடு தண்ணீரும் போய்க் கறி சுருங்கிவிடுவதால், சுட்டெடுத்த 100 கிராமில் இன்னும் 18 கிராம் போலக் கொழுப்பு நிற்கும்.

2012 மார்ச் முதல் கொத்துக்கறிக்குச் சத்துப் பட்டியல் கட்டாயம் (சில சிறு கடைகளுக்கு மட்டும் விலக்கு). பாக்கெட்டைத் திருப்பி நிறைவுற்ற கொழுப்பை (Saturated Fat) பாருங்கள். ஒரு பங்கு என்று அவர்கள் வைத்திருக்கும் 4 அவுன்ஸில், அதாவது 112 கிராமில், 8, 9 கிராம் இருக்கும். நாள் முழுவதற்கும் அவர்கள் பட்டியல் வைத்திருக்கும் உச்ச அளவே 20 கிராம்தான். முழுத்துண்டுகளுக்கு இந்தப் பட்டியலைப் பாக்கெட்டில் ஒட்டாமல் கடையில் அட்டையாக மாட்டிவைக்கவும் விதியில் இடம் இருக்கிறது. கண்ணில் படாவிட்டால் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கொத்துக்கறிதான் வேண்டுமென்றால் 'ஐ ஆஃப் ரவுண்ட்' என்ற பின்தொடைத் துண்டை எடுத்து, வெளிக்கொழுப்பைச் சீவி, அரைத்துத் தரச் சொல்லுங்கள். கறி சற்று வறண்டிருக்கும். துருவிய வெங்காயத்தைச் சேர்த்துப் பிசைந்தால் ஈரம் கிடைக்கும்.