தூங்கும் இணைப்புகள்

வணக்கம் ஐயா,

எங்கள் பஸ் டிக்கெட் முன்பதிவுத் தளம் பிஎச்பியில் எழுதப்பட்டது. தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். வேகம் கூடும் என்று ஆறு மாதங்களுக்கு முன் பிடிஓவில் (பிஎச்பி தரவுத்தளத்தோடு பேச உதவும் நீட்சி) நிலைத்த இணைப்பை, அதாவது வேலை முடிந்தும் மூடாமல் அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளும் இணைப்பை, இயக்கினோம். தீபாவளிக் கூட்டத்தில் 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' என்ற பிழை வந்து தளம் நின்றுவிட்டது. மூன்று வெப் சர்வர்கள், ஒவ்வொன்றிலும் வரும் கோரிக்கைகளைக் கவனிக்க 60 வொர்க்கர்கள். இணைப்பு வரம்பை 1000 ஆக்கிவிடலாம் என்கிறார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலைத்த இணைப்பையே கைவிட வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனம் ஒப்பாதது நியாயம்தான். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்று சர்வர்கள், தலா 60 வொர்க்கர்கள், ஆக 180. வரம்பை நீங்கள் தொட்டதே இல்லை என்றால் மைஎஸ்க்யூஎல் தானாக வைத்திருப்பது 151. சாதாரண நாளில் வொர்க்கர்களில் பாதிகூட எழுவதில்லை. அதனால் இந்தக் கணக்கு இடிக்கவில்லை. கூட்டம் வந்த நாளில் எல்லாம் எழுந்தன. எழுந்த ஒவ்வொன்றும் ஓர் இணைப்பைப் பிடித்தது. வேலை முடிந்த பிறகும் விடவில்லை.

அடுத்த முறை பிழை வந்தால் நிர்வாகிக் கணக்கில் உள்ளே போங்கள். அதற்கென்று ஓர் இடம் வரம்புக்கு மேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இணைப்புகளைப் பட்டியலிடும் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' கட்டளையைக் கொடுத்தால் வரிசையாக 'ஸ்லீப்', 'ஸ்லீப்' என்று வரும். பக்கத்தில் இருக்கும் எண், அந்த இணைப்பு எத்தனை நொடிகளாகச் சும்மா இருக்கிறது என்பது. சும்மா இருக்கும் இணைப்பை எப்போது மூடுவது என்று சொல்லும் வெயிட் டைம்அவுட்டை மாற்றாவிட்டால் அது 28,800 வரை, அதாவது எட்டு மணி நேரம் வரை, போகலாம். இடமில்லை என்று பயணியைத் திருப்பி அனுப்பிய நேரத்தில் பாதி இருக்கைகளில் வெறும் துண்டு போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பலர் இதை ஜாவாவில் இருக்கும் இணைப்புப் பூலோடு (பொது இணைப்புத் தொகுப்பு) சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஜாவாவில் ஓடும் ஒரே நிரலுக்குள் (பிராசஸ்) இணையாக வேலை செய்யும் எல்லா த்ரெட்களும் பத்து இணைப்புகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும். ஜாவாவின் பூல் நூலகமான ஹிகாரிசிபி தானாக வைத்திருக்கும் உச்ச அளவே பத்துதான். வெப் சர்வரில் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஒவ்வொரு வொர்க்கரும் தனி பிராசஸ். ஒன்றின் இணைப்பை இன்னொன்று தொட முடியாது. இது பூல் அல்ல, ஆளுக்கொரு சாவி.

ஆனால் எண்ணிக்கையை விட எனக்குக் கவலை தருவது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை 10.10க்குப் போட்ட பில்லில் 4.40 என்று விழுந்தது. கடையே திறக்காத நேரம். அடுத்த பில் சரி, அதற்கடுத்ததும் சரி, பிறகு மறுபடியும் ஒன்று தவறு. இரண்டு நாள் தேடினோம். கடைசியில் ஒவ்வொரு பில்லோடும் இணைப்பின் எண்ணையும் பதிவு செய்தபோதுதான் பிடிபட்டது: தவறான பில்கள் அனைத்தும் ஒரே இணைப்பில் போனவை. வெளிநாட்டுக் கிளைக்கான ஓர் அறிக்கைப் பக்கம் டைம் ஜோனைச் சர்வதேச நேரத்துக்கு மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமல் முடிந்திருந்தது. இணைப்பு மூடியிருந்தால் அந்த மாற்றமும் அதோடு போயிருக்கும். நிலைத்த இணைப்பானதால் அடுத்து வந்தவர் அதைச் சுமந்தார்.

தற்காலிக டேபிள், ஒரே தரவில் இருவர் கை வைக்காமல் தடுக்கும் பூட்டு எல்லாம் இப்படித்தான் தங்கும். பிஎச்பியின் இன்னொரு நீட்சியான மைஎஸ்க்யூஎல்ஐ நிலைத்த இணைப்பை மறுபடி தரும்போது இவற்றைத் துடைத்துவிட்டுத் தருகிறது. பிடிஓ அப்படிச் செய்வதில்லை. உங்களுடையது டிக்கெட் தளம். ஒரு பயணியின் இருக்கைக்குப் பெயர் வைத்துப் போட்ட பூட்டு விடுபடாமல் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வரம்பை 1000 ஆக்க வேண்டாம். தூங்கும் இணைப்புகள் அதிகம் தொல்லை தராது; ஆயிரமும் ஒரே நேரத்தில் விழித்துக் கேள்வி கேட்டால் தரவுத்தளச் சர்வர் படுத்துவிடும், அதோடு மூன்று வெப் சர்வர்களும் போகும். வொர்க்கர்களைத் தலா 45 ஆகக் குறையுங்கள். 135 ஆகும்; பின்னணி வேலைகளுக்கும் உங்களுக்கும் 16 மிஞ்சும். நிலைத்த இணைப்பை இப்போதைக்கு அணைத்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் புதிய இணைப்பு திறப்பது, ஒரே உள்வலையில் சர்வர்கள் இருக்கும் வரை, பெரிய செலவில்லை. தரவுத்தளம் தொலைவில் இருந்து, குறியாக்கத்தோடு பேச வேண்டியிருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

அதையும் ஊகிக்க வேண்டாம். இணைப்பு திறக்கும் வரிக்கு முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்து, ஒரு நாள் முழுவதும் பதிவு செய்யுங்கள். பக்கம் முழுவதும் வர ஆகும் நேரத்தோடு அதை வைத்துப் பாருங்கள். பெரிய பங்கு என்று தெரிந்தால், நடுவில் நின்று இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிராக்ஸிஎஸ்க்யூஎல் மென்பொருளை வைக்கலாமா என்று பேசுவோம். அந்த எண்களோடு எழுதுங்கள்.

அன்புடன்.