வாசகர் கேள்வி-பதில்: கிழித்த டிக்கெட்டுக்கு என்ன மதிப்பு?

பழைய விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளைப் பற்றி மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: கோரிப்பாளையத்தில் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் எடைக்கு வாங்கிய ஆங்கிலப் புத்தகங்களில் ஒன்றினுள், பக்க அடையாளமாகச் செருகியிருந்த பாதி டிக்கெட் ஒன்று கிடைத்தது. அதில் 1948, வேர்ல்ட் சீரீஸ், கிளீவ்லாந்து, ஐந்தாவது ஆட்டம், ரெயின் செக் என்று அச்சிடப்பட்டுள்ளது. இது என்ன? இதற்கு விலை உண்டா?
– வாசகர், கே.புதூர்

பதில்: அமெரிக்கப் பேஸ்பால் விளையாட்டில் இரண்டு பெரிய லீகுகளின் வெற்றியாளர்கள் ஆண்டின் முடிவில் மோதும் தொடருக்கு வேர்ல்ட் சீரீஸ் என்று பெயர். 1903-இல் தொடங்கிய இத்தொடர், 1904, 1994 ஆகிய ஆண்டுகள் நீங்கலாக ஆண்டுதோறும் நடந்து வருகிறது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்கே பட்டம். 1948-இல் கிளீவ்லாந்து இந்தியன்ஸ் அணி, பாஸ்டன் பிரேவ்ஸ் அணியை ஆறு ஆட்டங்களில் வென்றது. அதன் பிறகு கிளீவ்லாந்து அணி இன்றுவரை அந்தப் பட்டத்தை வெல்லவில்லை.

உங்களிடம் இருப்பது, நுழைவாயிலில் டிக்கெட்டைக் கிழித்தபின் பார்வையாளர் கையில் கொடுக்கப்பட்ட பகுதி. மழையால் ஆட்டம் நிறைவுபெறாமல் நின்றுவிட்டால் மறு ஆட்டத்தைப் பார்க்க இந்தத் துண்டே உரிமைச் சீட்டு என்பதைத்தான் ரெயின் செக் என்ற சொற்கள் குறிக்கின்றன. வானத்தை நம்ப முடியாத ஊரில், ஆட்டம் முடியும்வரை அதை யாரும் கீழே போடமாட்டார்கள். பேஸ்பால் துண்டுகள் இத்தனை எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலை உண்டு; ஆனால் வீடு கட்டும் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் டிக்கெட்டுக்குரிய ஆட்டம் 1948 அக்டோபர் 10 அன்று நடந்தது. அன்று கிளீவ்லாந்து அரங்கத்தில் கூடியிருந்தவர்கள் 86,288 பேர். அதுவரை எந்த வேர்ல்ட் சீரீஸ் ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. சொந்த அணி அன்று 11-5 என்று தோற்றுப்போனாலும், வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் நிகழ்ச்சி என்பது வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததனால் டிக்கெட்டைப் பத்திரப்படுத்தியவர்களும் ஏராளம். இறுதிப் போட்டி டிக்கெட்டுகளின் பொதுவான நிலை இதுதான். பெரிய நாள் என்று அன்றே தெரிந்த நாளின் காகிதம் எஞ்சிவிடுகிறது. பெரிய நாள் என்று பின்னரே தெரியவந்த நாளின் காகிதம் குப்பைக்குப் போய்விடுகிறது.

1947 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு சாதாரண லீக் ஆட்டம் நடந்தது; அரங்கம் நிறையக்கூட இல்லை. ஆனால் நவீன காலப் பெரிய லீக்கில் ஒரு கறுப்பின வீரர் முதன்முதலாகக் களமிறங்கிய ஆட்டம் அது. அவர் ஜாக்கி ராபின்சன். அந்த ஆட்டத்தின் துண்டு டிக்கெட் ஒன்று 2022 பிப்ரவரியில் 4,80,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 3.6 கோடி ரூபாய்! வேர்ல்ட் சீரீஸ் டிக்கெட்டுகளிலும் பட்டம் தீர்மானமான ஆட்டத்தைவிட, எதிர்பாராதது நிகழ்ந்த ஆட்டத்தையே சேகரிப்போர் தேடுகிறார்கள். 1956 அக்டோபர் 8 அன்று யாங்கீஸ் அணியின் பந்தெறி வீரர் டான் லார்சன், எதிரணியினர் 27 முறை மட்டை பிடித்தும் ஒருவரைக்கூட முதல் தளத்தை (ரன் எடுக்க ஓடும்போது முதலில் தொட வேண்டிய இடத்தை) எட்டவிடாமல் வரிசையாக வெளியேற்றினார். வேர்ல்ட் சீரீஸ் வரலாற்றில் அப்படியொரு முழுமையான ஆட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தத் தொடரில் அதுவும் ஐந்தாவது ஆட்டம்தான் என்றாலும், அதன் துண்டுக்கு உள்ள மதிப்பு உங்கள் துண்டுக்கு வராது.

ஆனாலும் உங்கள் துண்டுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. கறுப்பினத்தவருக்கான லீகுகளில் பல்லாண்டுகள் பந்தெறிந்து, நாற்பது வயதைக் கடந்த பிறகே பெரிய லீக்கில் இடம்பெற்ற சாட்செல் பேஜ், அன்றைய ஆட்டத்தில் சிறிது நேரம் பந்தெறிந்தார். வேர்ல்ட் சீரீஸில் பந்தெறிந்த முதல் கறுப்பின வீரர் அவரே. விற்க நேர்ந்தால் இதைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

அது எப்படி மதுரைக்கு வந்திருக்கும் என்றும் யோசிக்கலாம். கிளீவ்லாந்துக்கு அருகில் உள்ள ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்ற இளைஞர்கள், 1950-களிலிருந்து பல ஆண்டுகள் நம் அமெரிக்கன் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விட்டுச்சென்ற புத்தகமாக இருக்கலாம் என்பது ஊகம் மட்டுமே. அதை உண்மையாகச் சொல்லி விற்பது தவறு. புத்தகத்தில் பெயரோ கல்லூரி முத்திரையோ இருந்தால் புத்தகத்தையும் டிக்கெட்டையும் பிரிக்காமல் வைத்திருங்கள். எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை இன்றே ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வைப்பது நல்லது.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அதை அனுப்பலாமா என்று என் மகன் கேட்கிறான்.
– அதே வாசகர்

பதில்: இப்போது வேண்டாம். பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் டிக்கெட்டின் உண்மைத்தன்மையைச் சோதித்து, அதன் நிலைக்கு ஒன்று முதல் பத்து வரை எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. கட்டணம், இருவழி அஞ்சல் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டினால் சாதாரணத் துண்டின் விலையையே அது விழுங்கிவிடக்கூடும். முதலில் இணைய ஏலத் தளங்களில் அதே ஆட்டத்தின் துண்டுகள் என்ன விலைக்கு விற்று முடிந்திருக்கின்றன என்று பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். கேட்பதற்குக் காசா பணமா!

கேள்வி: 1954 வேர்ல்ட் சீரீஸ், கிளீவ்லாந்து, ஐந்தாவது ஆட்டம் என்று அச்சிட்ட துண்டு டிக்கெட் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். வாயிலில் கிழித்த அசல் துண்டு என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: வாங்காதீர்கள். அந்த ஆண்டு நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி முதல் நான்கு ஆட்டங்களையும் வென்று தொடரை முடித்துவிட்டது. ஐந்தாவது ஆட்டம் நடக்கவேயில்லை. நடக்காத ஆட்டத்துக்கு வாயிலில் யார் டிக்கெட் கிழித்திருப்பார்கள்?

இதில் ஒரு நுட்பம் உண்டு. தொடர் எத்தனை ஆட்டம் நீளும் என்பது முன்கூட்டியே தெரியாததால், நடக்கக்கூடிய எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் அச்சடித்துவிடுவார்கள். ஆகவே நடக்காத ஆட்டத்தின் முழு டிக்கெட் அசலாகவே இருக்கக்கூடும். தொடருக்குத் தகுதியே பெறாத அணியின் டிக்கெட்டும் கிடைப்பதுண்டு. 1964-இல் பிலடெல்பியா அணி, 12 ஆட்டங்கள் மீதமிருக்கையில் ஆறரை ஆட்டம் முன்னிலையில் இருந்தும் தொடர்ந்து பத்து ஆட்டங்களில் தோற்று வாய்ப்பை இழந்தது. அதன் வேர்ல்ட் சீரீஸ் டிக்கெட்டுகள் அதற்குள் அச்சாகியிருந்தன. இப்படிப்பட்டவற்றையே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

பொதுவாக எந்தத் துண்டையும் நேரில் பார்த்து வாங்குவதே நலம். தெற்காவணி மூல வீதியில் நகை மதிப்பிடுபவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். பழைய அச்சில் எழுத்தின் விளிம்பு தெளிவாக இருக்கும். கணினி அச்சில் எழுத்தைச் சுற்றி வண்ணப் புள்ளிகள் சிதறியிருக்கும். கிழித்த ஓரத்தில் தாளின் நார் தெரிய வேண்டும். கத்தரித்த ஓரம் நேராக இருக்கும். கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதாக் கதிர் விளக்கில் காட்டினால், வெண்மை கூட்டும் வேதிப்பொருள் கலந்த பிற்காலத் தாள் நீலமாக ஒளிரும். 1930-களைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் டிக்கெட் அப்படி ஒளிர்ந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். 1950-க்குப் பிந்தைய தாளில் இந்தச் சோதனை எதையும் முடிவாகச் சொல்லாது.

கேள்வி: 1986-இல் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்டின் கடைசி நாளைப் பார்த்த என் தந்தையார், அந்த டிக்கெட்டை லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார். உறையைப் பிரித்து எடுக்கலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: பிரிக்க முயலாதீர்கள். லேமினேஷன் என்பது வெப்பத்தால் பசையை உருக்கித் தாளோடு ஒட்டும் முறை. உரித்தால் அச்சும் சேர்ந்து வந்துவிடும். சேகரிப்போர் பார்வையில் விலை கணிசமாகக் குறைந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் தந்தையார் பார்த்தது டெஸ்ட் வரலாற்றில் சமனில் (டிரா அல்ல, டை) முடிந்த இரண்டாவது ஆட்டம். 348 ரன் இலக்கை நோக்கி ஆடிய இந்தியா 347-இல் ஆட்டமிழந்த 1986 செப்டம்பர் 22. முதல் நான்கு நாள் டிக்கெட்டுகளைவிட அந்த ஐந்தாம் நாள் டிக்கெட்டையே எல்லோரும் கேட்பார்கள். அவர் அன்று கண்டதை அவர் சொல்லச் சொல்ல எழுதி, கையொப்பம் வாங்கி, டிக்கெட்டோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: மதுரை வெயிலில் இவற்றை எங்கே வைப்பது?
– வாசகர், மேலூர்

பதில்: பாலியெஸ்டர் உறையில் இட்டு, அமிலமற்ற அட்டைப் பெட்டியில், வெயில் படும் சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பழைய ஆல்பங்களில் வரும் பி.வி.சி. உறையும், செலோ டேப்பும், ரப்பர் பேண்டும் கூடாது. வெப்பத்தால் அச்சாகும் தாளில் வந்த அண்மைக்கால டிக்கெட்டுகள், இப்போது நடத்துநர் தரும் பேருந்துச் சீட்டைப் போலவே எப்படி வைத்தாலும் மங்கிவிடும். அவற்றை உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில்தான் இராமபாணப் பூச்சி வரும் என்பதால், அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். பாச்சை உருண்டையைப் பீரோவின் மூலையில் வைக்கலாம். பெட்டிக்குள் போட வேண்டாம்.