கேமரா கேள்விகள்: கல்யாண ஆல்பத்தைக் காட்டினால் கம்பெனி வேலை கிடைக்குமா?

கேள்வி: சில வருஷங்களாகக் கல்யாணம், பிறந்தநாள் என்று எடுத்து வருகிறேன். கம்பெனிகளுக்கு எடுக்க ஆசை. எத்தனையோ மெயில் அனுப்பிவிட்டேன், ஒரு பதிலும் இல்லை. இத்தனைக்கும் வெப்சைட்டில் முந்நூறு படம் இருக்கிறது. எங்கே கோளாறு?

பதில்: அந்த முந்நூறில்தான். உங்கள் மெயிலைத் திறக்கும் மார்க்கெட்டிங் மேனேஜருக்குப் படம் அழகா என்பது இரண்டாவது கவலை. இந்த ஆளை நம்பி வேலை கொடுத்து, அது சொதப்பினால் மேலே இருப்பவருக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் முதல் கவலை. மணப்பெண்ணின் கண்ணீரை எவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தாலும், தன்னுடைய ஷாம்பூ பாட்டிலை நீங்கள் எப்படி எடுப்பீர்கள் என்று அவரால் ஊகிக்க முடியாது. ஊகிக்க மெனக்கெடவும் மாட்டார்.

எனவே ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து, யாரும் கேட்காமலே அதற்குப் பத்துப் பன்னிரண்டு படம் எடுங்கள். பாட்டில் என்றே வைத்துக்கொள்வோம். முன்னாலிருந்து விளக்கடித்தால் சாஃப்ட்பாக்ஸே (வெளிச்சத்தை மென்மையாக்க விளக்கில் மாட்டும் துணிப் பெட்டி) கண்ணாடியில் வெள்ளைக் கட்டமாக உட்கார்ந்துகொள்ளும். பின்னால் ஒரு வெள்ளைப் பரப்பை வைத்து அதற்கு வெளிச்சம் கொடுங்கள். பாட்டிலின் இரண்டு பக்கமும், ஃப்ரேமுக்குள் வராதபடி, கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். கண்ணாடியின் விளிம்பு கறுப்புக் கோடாக எழும்பி வரும். லேபிள் இருண்டுவிடும், சின்ன வெள்ளி அட்டையால் அதன்மேல் மட்டும் வெளிச்சத்தைத் திருப்பிவிடுங்கள்.

இனி அதே பாட்டிலை மூன்று விதமாகக் கொடுங்கள். ஒன்று, ஆன்லைன் விற்பனைக்கு. அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் உச்ச அளவான 255 ஆக இருக்க வேண்டும். பொருள் ஃப்ரேமில் குறைந்தது 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். இரண்டாவது, எழுத்து வைக்க ஒரு பக்கம் காலி விட்ட படுக்கைவாட்டுப் படம். மூன்றாவது, செல்போனுக்கு நெடுக்குவாட்டில். இதைப் பார்த்ததுமே, படம் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்த ஆள் இவர் என்பது மேனேஜருக்குப் புரிந்துவிடும். சொந்த முயற்சியில் எடுத்தது என்று கீழே எழுதிவிடுங்கள். அந்த பிராண்டே வேலை கொடுத்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டாம், ஒரு போன் காலில் குட்டு உடைந்துவிடும்.

மெயில் நாலு வரி போதும். 'ஐ ஆம் எ பேஷனேட் போட்டோகிராபர்' என்று ஆரம்பித்தால் நானே படிக்க மாட்டேன். அவர்கள் பக்கத்தைப் பார்த்து, குறிப்பாக ஏதாவது எழுதுங்கள்: 'உங்கள் புதிய மூன்று பொருளுக்கும் பின்னணி வெவ்வேறு வெள்ளையாக இருக்கிறது, ஒரே மாதிரி எடுத்துத் தர முடியும்.' கூடவே இரண்டு படம்.

இன்னொன்று. உங்கள் கல்யாண ஆல்பத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களில் எத்தனை பேர் சொந்தத் தொழில் நடத்துகிறார்கள் என்று விசாரித்தீர்களா? உங்களை ஏற்கெனவே நம்புகிறவர்களை விட்டுவிட்டு, முகம் தெரியாதவர்களுக்கு மெயில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: 'ஒரு போட்டோவுக்கு எவ்வளவு?' என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: உடனே தொகை சொல்லாதீர்கள். எங்கே போடப் போகிறார்கள், எத்தனை நாளைக்கு, எந்தெந்த நாட்டில் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு வருஷம் வெப்சைட்டில் கிடக்கும் படமும் ஊரெல்லாம் ஹோர்டிங்கில் நிற்கும் படமும் ஒரே விலையா? கொட்டேஷனில் எடுக்கும் கூலி, செலவு, பயன்பாட்டு உரிமை மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். எத்தனை முறை ரீடச் திருத்தம் (எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது), அட்வான்ஸ் எவ்வளவு என்பதும் அதிலேயே வரட்டும்.

படத்தின் காப்புரிமை (காப்பிரைட்) யாருக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டனில் 1988 சட்டப்படி பொதுவாக எடுத்தவருக்கு. இந்தியாவில் 1957 சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு. எழுதாமல் விட்டால் உங்கள் படமே உங்களுக்குச் சொந்தமில்லாமல் போகலாம்.

கேள்வி: ஒரு முறை வேலை கொடுத்தவரை மறுபடி வரவைப்பது எப்படி?

பதில்: ஷூட்டில் கேமராவை லேப்டாப்போடு கேபிளில் இணைத்துவிடுவேன். எடுக்க எடுக்கப் படம் பெரிய திரையில் விழும். 'லேபிள் லேசாகச் சாய்ந்திருக்கே' என்று கிளையன்ட் அங்கேயே சொல்வார், அங்கேயே நேராக்கிவிடலாம். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால் ஃபைல் போய்ச் சேரட்டும், பெயர்கள் ஒழுங்காக இருக்கட்டும். எனக்குத் திரும்பத் திரும்ப வேலை தந்தவர்கள் என் லைட்டிங்கைப் பாராட்டியதாக நினைவில்லை.

கேள்வி: முதல் வேலையைச் சும்மா செய்துகொடு, பிறகு நிறைய வரும் என்கிறார்களே?

பதில்: வரும், வேறு ஆளுக்கு. சலுகை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பில்லில் முழுத் தொகையைப் போட்டு, அதன் கீழே தள்ளுபடி என்று கழியுங்கள். அடுத்த முறை பேச்சு மேலே உள்ள தொகையிலிருந்து ஆரம்பிக்கும்.